வலது புருவம் அப்புறம்

இடது புருவம் முடிந்ததும் பார்லர் அக்கா பல்லில் கடித்திருந்த நூலை விட்டுவிட்டுப் பேச ஆரம்பிப்பார். வலது புருவம் அப்படியே நிற்கும். "வியாழக்கிழமை கூட்டத்துக்கு வர்றீங்கல்ல?" என்பதுதான் பேச்சு. கண்ணை மூடி, இமையை இழுத்துப் பிடித்தபடி காத்திருப்பவள் என்ன சொல்ல முடியும்? "பார்க்கலாம்க்கா" என்று நழுவினால், "பாருங்க, பாருங்க. ஒத்தப் புருவத்தோட வீட்டுக்குப் போய் நிதானமா பாருங்க" என்று நூல்கண்டைக் கீழே வைத்துவிடுவார். அநியாயம்! எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் இப்படித்தான் வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

தெருமுனையில் இருக்கும் பழைய கப்பல் துறையைப் பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டம் அது. அந்தக் கல் படிகளும் செங்கல் கிடங்குகளும் எங்கள் பாட்டன் காலத்துக்கும் முந்தியவை. அங்கே கரையைத் தூர்த்து அடுக்குமாடிகள் வரப்போகின்றன. சுற்றிலும் தகரம் அடித்தாகிவிட்டது. தோண்டுவதற்கு முன்னால் ஒரு சுற்றுச்சூழல் ஆய்வு நடத்துங்கள், தண்ணீர் எங்கே போகும், மழைக்கு எந்தத் தெரு மூழ்கும் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்கிறோம். ஆள் வராவிட்டால், யாருக்கும் ஆட்சேபணை இல்லை என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

அக்காவைப் பார்த்தால் போராட்டக்காரி என்று யாரும் சொல்லமாட்டார்கள். கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நிற்கிற ஆள். உடம்பெல்லாம் பவுடர் வாசனை, விரலில் நூல் அறுத்த தழும்பு. சுவர் நிறையக் கண்ணாடி, ஆனால் தன் முகத்தை மட்டும் பார்க்கவே மாட்டார். "என்னத்தப் பார்த்து? பார்க்க வேண்டியவரு ஊர்ல இல்ல."

பார்க்க வேண்டியவர் வெளிநாட்டில் கிரேன் ஓட்டுகிறார். அதுவும் ஒரு கடற்கரையில், இதே மாதிரி அடுக்குமாடிகளுக்கு. "அவரு அங்க கடலை மறைச்சுக் கட்டுறாரு, நான் இங்க மறைக்காதேன்னு கத்துறேன். ஜோடிப் பொருத்தம் எப்படி?" என்று சிரிப்பார். சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிடும். கல்யாணமான புதிதில், கடை அடைத்த கையோடு இருவரும் அந்தக் கல் படியில் போய்க் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்காருவார்களாம். இப்போது அவருக்கு ஜன்னல் இல்லாத அறை. தினமும் அக்கா கடைசிப் படியில் உட்கார்ந்து போனைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டுவார். அவர் அங்கே படுத்தபடி தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். தகரம் அடித்த நாளோடு அதுவும் போயிற்று.

"அவரு வர்றப்ப நான் இருப்பேன், கடை இருக்கும். அந்தப் படி இருக்கணுமே! மனசு கிடந்து அடிச்சுக்குது" என்றார் ஒருநாள், விரலில் நூலைச் சுற்றிக்கொண்டே.

வியாழக்கிழமை நான் பார்லர் நாற்காலியில் போய்ச் சாய்ந்தேன். இடது புருவம் முடிந்தது. பக்கத்துத் தையல்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அக்கா, கூட்டத்த முன்னாடியே ஆரம்பிச்சுட்டாங்க!" என்றார். அக்கா நூலைப் போட்டுவிட்டு ஷட்டரைப் பிடித்தார்.

"அக்கா, என் புருவம்?"

"அது எங்க ஓடிப்போகுது? வாங்க!"

ஒற்றைப் புருவத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்தேன். என் மானம் கப்பலேறியது. மேடையில் இருந்த அதிகாரி என்னைப் பார்க்கும்போதெல்லாம் பேச்சில் தடுமாறினார். வாக்குக் கொடுத்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மண்டபத்தில் நிற்கக்கூட இடமில்லை. அக்கா மைக்கைப் பிடித்து, "முதல்ல ஆய்வு பண்ணுங்க சார். கட்டுறத அப்புறம் பேசலாம்" என்றார். பரிசீலித்து அடுத்த மாதம் சொல்கிறோம், அதுவரை எதையும் தொடமாட்டோம், தகரமும் அப்படியே இருக்கும் என்றார் அதிகாரி.

வெளியே வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அக்கா கடைப்பக்கம் திரும்பவில்லை. தகரத்தை ஒட்டியே நடந்தார். ஆணி பிடுங்கிய ஓர் ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு கணவரைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, போனை அந்த ஓட்டையில் வைத்தார்.

"என்னங்க, கேக்குதா?"

"கேக்குது. லேசா. பேசாம இரு."

புருவத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நானும் பேசாமல் நின்றேன். தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்தன.

"போதும், வை. கை வலிக்கப் போகுது" என்றார் அவர்.

அக்கா போனை மற்றக் கைக்கு மாற்றி, ஓட்டையில் இன்னும் அழுத்திப் பிடித்தார்.