மௌன விரதத்தால் வந்த எம்.எல்.ஏ.

செங்கம்மாள் எம்.எல்.ஏ. ஆனதற்குக் காரணம் கட்சியும் இல்லை, கொள்கையும் இல்லை. அவள் புருஷன் ராஜாராம் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். அதற்கு முன்னாலும் பின்னாலும் அந்த மனுஷன் வாயை மூடியதாக ஊரில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

திருக்கழுக்குன்றத்துக்குத் தெற்கே ஏரியை ஒட்டிய கிராமம். ராஜாராமுக்கு அங்கே ஓர் அரிசி மில்லும் கட்சியில் ஒன்றியச் செயலாளர் பதவியும் இருந்தன. வருஷக்கணக்காகக் கொடி கட்டி, மேடை போட்டு, தொண்டை கிழியக் கத்தி, தொண்ணூற்றாறாம் வருஷத் தேர்தலில் ஒருவழியாகச் சீட்டு வாங்கிவிட்டான். வாங்கிய கையோடு ஜோசியரிடம் ஓடினான். சும்மா இருந்திருக்கலாம். ஜோசியர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணாத்த, உனுக்கு வாக்குல சனி குந்திகினு கீது. மனு ஏத்துக்கற வரிக்கும் வாயத் தொறக்காத" என்று சொல்லிவிட்டார்.

வேட்பாளர் மனு தள்ளுபடியானால் கட்சி நடுத்தெருவில் நிற்கக்கூடாதே என்று, மாற்று வேட்பாளராக இன்னொருவரையும் மனுப் போட வைப்பது வழக்கம். கட்சிக்காரன் எவனையாவது போட்டால் அவன் நிஜமாகவே நின்றுவிடுவான் என்று ராஜாராமுக்குப் பயம். பெண்டாட்டி என்றால் பயமில்லை பாருங்கள். நாற்று நட்டுக்கொண்டிருந்தவளைக் கரையேற்றி, பட்டுப்புடவை கட்டவைத்து, செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனான்.

தேர்தல் அதிகாரி மனுவை வாங்கிக்கொண்டு, "உறுதிமொழியை வாய்விட்டுப் படிங்க சார்" என்றார். ராஜாராம் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு தலையாட்டினான்.

"அண்ணன் மௌன விரதம் சார். கையெழுத்துப் போட்டுட்டாரு இல்ல, அது போதும்" என்றார்கள் கூட வந்தவர்கள்.

"போதாது. இன்னைக்குள்ள படிக்கலைன்னா நாளைக்கு மனு நிக்காது."

ராஜாராம் அசையவில்லை. சட்டம் பெரிதா, சனி பெரிதா? சனிதான் என்று முடிவு கட்டிவிட்டான். அடுத்து செங்கம்மாள் படித்தாள். எதிர்க்கரையில் மேயும் எருமையைக் கூப்பிட்டுப் பழகிய குரல். வராந்தாவில் தூங்கிக்கொண்டிருந்த போலீஸ்காரர் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

மறுநாள் பரிசீலனையில் ராஜாராம் மனு தள்ளுபடி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. அந்த வருஷம் அவர்கள் கட்சிக்கு வீசிய காற்றில் செங்கம்மாள் ஜெயித்தும்விட்டாள்.

ஜெயித்தது அவள், நாற்காலியில் உட்கார்ந்தது அவன். காலையில் வாசலில் ஜனம் கூடும். ராஜாராம் சட்டையில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து, "இன்னா விஷயம்?" என்பான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே. அதிகாரிகள் அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு அவனிடம் பேசுவார்கள். கையெழுத்து வேண்டுமென்றால் மட்டும் உள்ளேயிருந்து அவளைக் கூப்பிடுவான். அவளும் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போவாள். எம்.எல்.ஏ. என்று ஊரே கூப்பிடுகிறது, ஆனால் தன்னிடம் ஒருத்தரும் எதையும் கேட்பதில்லை என்பது அவளுக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

முதலில் கேட்டவள் பொன்னி. மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்பவள். மீன்காரி வாசலில் எதற்கு நிற்கிறாள்? நேரே தோட்டத்துக் கதவுக்கு வந்துவிடுவாள். ஒரு நாள் உச்சிவெயிலில் வந்து தொப்பென்று கூடையை இறக்கினாள்.

"இன்னாடி, மீனு கண்ணு வெளுத்துப் போய்கீது?" என்றாள் செங்கம்மாள்.

"அது இன்னாக்கா செய்யும்? கண்டக்டரு கூடைய ஏத்த மாட்டேன்றான். நாறுதாம். திங்கறப்ப நாறலியா இவுனுங்களுக்கு? பாதி தூரம் நடந்தே வந்துகினு கீறேன். நீ எம்மெல்லே தான? கேக்கக்கூடாதா?"

அன்றைக்கு அந்த வீட்டில் குழம்பு தீய்ந்து போனது.

அடுத்த சட்டசபைக் கூட்டத்துக்கு ராஜாராம் உரை எழுதிக் கொடுத்தான். ஊர் முகப்பில் அவன் அப்பா பெயரில் வளைவு கட்டவேண்டுமாம். மேலே பார்வையாளர் மாடத்தில் போய் வேறு உட்கார்ந்துகொண்டான். செங்கம்மாள் எழுந்தாள். காகிதத்தைப் பிரிக்கவே இல்லை.

"தலைவர் அவர்களே, எங்க பக்கம் மீன் துன்னாதவங்க கொஞ்சப் பேருதாங்க. ஆனா மீன்கூடை ஏறினா மட்டும் பஸ்ஸு நாறுதாம். குப்பத்துப் பொம்பளைங்க கூடையோட ஏற விடியக்காலம் ஒரு பஸ் விடுங்க."

சபை குலுங்கிச் சிரித்தது. அமைச்சரும் சிரித்துக்கொண்டே சரி என்றார். பொங்கல் கழிந்து பஸ் வந்தது. ராஜாராம் அதற்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்து, "நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்று கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். அதன்பிறகு தோட்டத்துப் பக்கம் கூட்டம் கூடிவிட்டது. ரேஷன், மதகு, புருஷன் அடி என்று எல்லாம் அங்கேதான். செங்கம்மாளுக்கு அந்த வேலை பிடித்துப் போயிற்று. சோறு தண்ணி மறக்கிற அளவுக்குப் பிடித்துப் போயிற்று.

இரண்டாயிரத்து ஒன்றில் அடுத்த தேர்தல். சீட்டு கேட்பவர்களைக் கட்சி ஆபீஸில் நேர்காணலுக்கு அழைத்தார்கள். ராஜாராம் தனக்கும் மனுப் போட்டிருந்தான், அவள் பெயரிலும் போட்டிருந்தான். "உன்ன கேட்டா, 'என் வூட்டுக்காரருக்கே குடுங்க'ன்னு சொல்லிடு. இந்த வாட்டி சனியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று காரில் வழி நெடுகச் சொல்லிக் கொடுத்தான். அவளும் தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

உள்ளே குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அஞ்சு வருஷம் என்னம்மா செஞ்சீங்க?"

ராஜாராம் முந்திக்கொண்டான். "நான் சொன்னத அவ செஞ்சா தலைவரே. எல்லாம் நம்ம யோசனைதான்."

செங்கம்மாளுக்குக் கோபம் கிளம்பியது. "இல்லீங்கையா" என்றாள். அந்தக் குரலுக்குப் பக்கத்து அறையில் பேச்சு நின்றது. "சீட்டு எனக்குத்தான் வேணும். அவருக்கு மில்லு கீது. எனக்கு இது ஒண்ணுதான் கீது."

திரும்பி வரும்போது ராஜாராம் வழி நெடுக ஹாரனை அடித்துக்கொண்டே வந்தான். செங்கல்பட்டில் நிறுத்தி டீ மட்டும் வாங்கிக் கொடுத்தான்.

அந்த வாரமே பட்டியல் வந்தது. தொகுதியைக் கூட்டணிக் கட்சிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். செங்கம்மாள் ஓவென்று அழுதாள், மறைக்கவில்லை. ராஜாராமுக்கே மனசு கேட்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"வுடு. எனக்குந்தான் கிடைக்கல."

"உனக்குக் கிடைக்காதது வேற மாமா. நான் மொதல் வாட்டியா எனக்குன்னு வாயத் தொறந்து கேட்டுக் கிடைக்கல" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த வாட்டியும் கேப்பேன். உனக்கும் வேணும்னா இப்பவே சொல்லிடு, தனித்தனி கார்ல போலாம்."

ராஜாராம் எழுந்து மில் சாவியை எடுத்தான். பிறகு, "ரெண்டு காருக்கு டீசல் யாரு போடறது? நான் ஓட்டிகினு வரேன், நீ பேசிக்கோ" என்று சொல்லிவிட்டு மில்லைத் திறக்கப் போனான்.