வேப்பிலை கட்டிய படலை

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில் நீர்வேலி முழுக்க அம்மாள் வந்திருந்தாள். கொப்பளிப்பானை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வீட்டுக்கு வீடு வாசல் படலையில் வேப்பிலை. அதைக் கண்டால் வெளியார் உள்ளே கால் வைக்கமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் வார்த்து அம்மாளை அனுப்பும்வரை வீட்டார் நோயாளியைத் தனியே விடமாட்டார்கள், கடிந்து பேசவும் மாட்டார்கள். படுத்திருப்பது அம்மாள் அல்லவா?

என் கணவருக்கு அம்மாள் வரவில்லை. அவருக்கு வந்ததற்கு ஊரில் பெயரில்லை. சண்டையில் அவர் வேலைபார்த்த கந்தோரைப் பூட்டிய நாள் முதல் அவருக்கு நித்திரையில்லை. கிணற்றடியில் போய் இருந்துகொண்டு தண்ணீரைப் பார்ப்பார். சோற்றைப் பிசைந்தபடியே எழும்பிவிடுவார். "வீட்டிலை சும்மா இருந்தால் உப்பிடித்தான்," என்றார்கள் ஊரார். அம்மாள் வந்த வீட்டுக்குக் கொடுப்பதுபோல் ஒருவரும் ஓர் இளநீர் கொண்டுவந்து தரவில்லை.

ஒரு காலை தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "ஒரு துவக்கு வாங்கப்போறன்," என்றார். வாழைத்தோட்டத்தில் வௌவால் சுடுகிற ஒருவர் தன் பழைய துவக்கை விற்கிறாராம். நாளைக்கு வீட்டுக்கே கொண்டுவருவாராம்.

"துவக்கு என்னத்துக்கு?"

"கள்ளருக்கு. எல்லா வீடும் பூட்டிக் கிடக்கு. கத்தினாலும் ஆர் வருவினம்?"

படலைக்குக் கொக்கி போடக்கூட மறந்துபோன மனிசனுக்குக் கள்ளர் பயமாம்! என் தம்பிக்கோ புளுகம், சந்தோசத்தில் சிரித்தான். "அத்தான் இப்பதான் ஒரு சாமானிலை ஆசைப்படுறார். விடக்கா." எனக்கு வந்த கோபத்துக்கு அவனைச் சுட்டிருப்பேன். நல்லகாலம், துவக்கு இன்னும் வரவில்லை.

அந்தத் துவக்கு யாருக்கென்று எனக்குத் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் வேம்பில் ஒரு கொப்பு முறித்துப் படலையில் கட்டினேன். அம்மாளின் பெயரில் பொய் சொன்னால் கண் அவிந்துபோகும் என்பார்கள். அவியட்டும்.

சாக்குச் சுற்றிய நீட்டுச் சாமானோடு அந்த மனிதர் சைக்கிளில் வந்தார். வேப்பிலையைக் கண்டதும் இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆருக்குப் பிள்ளை?"

"அவருக்குத்தான்."

"அப்ப தண்ணி வார்த்தாப் பிறகு வாறன்," என்று திரும்பிவிட்டார்.

"எனக்கெங்கையப்பா அம்மாள்?" பின்னால் என் கணவர்.

"உங்களுக்கு வருத்தம். போய்ப் படுங்கோ."

படுத்தார். வாதாட அவரிடம் சீவன் இருக்கவில்லை.

வெள்ளைச் சீலை விரித்து, வேப்பிலை பரப்பி, பக்கத்திலேயே இருந்தேன். ஒரு கொப்புளமும் இல்லாத உடம்பை வேப்பிலையால் தடவிக்கொடுத்தேன். ஊரார் படலையடியில் இளநீர்க் குலைகளை வைத்துவிட்டுப் போனார்கள். தம்பிகூட மெல்லப் பேசினான். ஒரு பின்னேரம் அவர் சுவரைப் பார்த்தபடி வாய் திறந்தார்.

"இஞ்சரும், துவக்கு கள்ளருக்கில்லை."

"தெரியும்."

அழுதார். நானும் குழறி அழுதேன். "டொக்டரிட்டைப் போவமே?" என்று கேட்டேன். "ஓம்," என்றார். பிறகு கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

டொக்டர் தந்த குளிசையில் நித்திரை திரும்பியது. தொடங்கிய பொய்யை முறைப்படி முடிக்கவேண்டுமே என்று, ஒரு காலை மஞ்சளும் வேப்பிலையும் போட்டு அவருக்குத் தலைக்குத் தண்ணீர் வார்த்தேன். துவட்டவும் இல்லை, படலையில் சைக்கிள் மணி. அதே சாக்கு.

நான் எழும்புமுன் அவர் படலைக்குப் போய்விட்டார். நான் பின்னால் ஓடினேன்.

"தண்ணி வார்த்தாச்சே தம்பி?" என்று கேட்டார் துவக்குக்காரர்.

என் கணவர் காய்ந்து தொங்கிய வேப்பங்கொப்பை நிமிர்த்திக் கட்டினார். தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்லை அண்ணை," என்றார். "அம்மாள் இன்னும் போகேல்லை."