இரண்டு செங்கல் உயரம்

கோமளவல்லி டீச்சர் காலமான செய்தியை எங்கள் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் சொன்னாள். பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு என்னால் போக முடியவில்லை. அங்கே பேசியவர்கள், கால் நடக்கமாட்டாத டீச்சருக்குத் தன் வீட்டு மாடியில் இடம் கொடுத்து ஆதரித்தவள் என்று என்னைப் புகழ்ந்தார்களாம். அது சரியல்ல. வாடகை வாங்கிக்கொண்டுதான் குடிவைத்தோம். ஆதரவு என்ற சொல்லும் பொருந்தாது. ஏன் என்று, பள்ளியின் நினைவு மலரைப் படிக்கும், அவரை அறிந்த உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

அறுபதுகளின் இறுதியில் விருத்தாசலத்தில் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். எனக்கு ஆங்கிலம், அவருக்குக் கணக்கு. இளம்பிள்ளைவாதத்தில் அவருடைய வலது கால் சூம்பியிருந்தது. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஏறும்போது கண்டக்டர் கை நீட்டினால் பிடிக்க மாட்டார். "நாப்பது புள்ளைங்களும் என் பேச்சைக் கேக்குதுங்க டீச்சர், இந்தக் காலு ஒண்ணுதான் கடைசி பெஞ்சு" என்பார். நாங்கள் வீடு கட்டத் தொடங்கியபோது, மாடி அறைக்கு வந்துவிடுங்கள் என்று நான்தான் அழைத்தேன். ஏறப்போகிறவர் அவர், படிக்கணக்கையும் அவரே போடட்டும் என்றேன்.

ஒரு சனிக்கிழமை வந்தார். என் கணவர் செராமிக் ஜாடி, பொம்மை வியாபாரம் செய்தார். சூளைக்கு உள்ளே வைத்துக் கட்டும் செங்கற்கள் சில எங்கள் மனையில் கிடந்தன. ஒவ்வொன்றும் சரியாக மூன்று அங்குலக் கனம். டீச்சர் ஒரு செங்கலை வைத்து ஏறினார். இரண்டை அடுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மூன்றாவதை வைத்ததும் கால் எழும்பவில்லை. மறுபடி முயன்றார். "சரி, ரெண்டு செங்கல்தான் என் ஒசரம்" என்று சிரித்தார். என் கணவர், மாமியார், நான் மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கீழ்த் தரையிலிருந்து மாடித் தரை வரை பத்தரை அடி. பூச்சு முடிந்த பிறகு இருக்கப்போகும் உயரம்தானா என்று டீச்சர் மேஸ்திரியிடம் இருமுறை கேட்டுக்கொண்டார். இல்லையென்றால் முதல் படியும் கடைசிப் படியும் காலை வாரிவிடும் என்றார். ஆறு அங்குலம் வீதம் இருபத்தொரு படி. கால் வைக்க ஒவ்வொன்றும் ஓர் அடி அகலம்.

"அப்ப இருபத்தோரு அடி நீளம் வேணுங்களா?" என்றார் என் கணவர்.

"இருபது போதும்ங்க. மாடித் தரைதான் கடைசிப் படி. அதுக்குத் தனியா எடம் வேணாம்" என்றார் டீச்சர்.

"ஒத்தப்படையா வருதுல்ல, அது போதும்மா" என்றார் மாமியார். எல்லோருக்கும் திருப்தி.

சுவர் எழும்பியபோது என் கணவருக்கு முன்பக்கம் ஒரு கடை வேண்டும் என்று தோன்றிவிட்டது. படிக்கு மிஞ்சியது பத்தடி. ஒன்பது அங்குலம் வைத்தால் பதினான்கு படி என்றார் மேஸ்திரி. "பதினாலா? ரெட்டப்படை எங்க வூட்டுக்கு ஆவாது. ஒண்ண எடுத்துடு" என்றார் மாமியார். பதின்மூன்று ஆயிற்று. ஒவ்வொரு படியும் ஏறக்குறைய பத்து அங்குலம்.

"டீச்சரம்மா, படி கொஞ்சம் நெட்டா போவுது. ஊர்ல எல்லாரும் அப்படித்தானே ஏறுறாங்க?" என்றார் என் கணவர்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். கருவேப்பிலங்குறிச்சி வீட்டை அவர் ஏற்கெனவே காலி செய்திருந்தார்.

"ஏறிடலாம்ங்க" என்றார்.

குடிவந்த பிறகு ஒருநாள் மாலை பின்கதவைத் திறந்தேன். டீச்சர் படியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு முதுகைக் காட்டி அல்ல, முகத்தைக் காட்டி. திருத்த வேண்டிய நோட்டுக் கட்டை மேல்படியில் தூக்கி வைத்துவிட்டு, இரு கைகளையும் ஊன்றி, உட்கார்ந்தபடியே பின்னோக்கி ஏறிக்கொண்டிருந்தார்.

"படி சில்லுன்னு இருக்குது டீச்சர், அதான் உக்காந்தேன்" என்றார்.

"ஆமாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அதன்பின் அவர் பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்தில் அந்தக் கதவு சாத்தியே இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். அதை மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே நிற்கையில், நோட்டுக் கட்டு படிக்குப் படி வைக்கப்படும் சத்தம் கேட்கும். இன்றைக்கும் என் முகம் சூடாகிறது.

மங்கலம்பேட்டைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். "எங்க வூட்ல என்னம்மா கொறை?" என்று மாமியார் கேட்டார்.

"இன்னும் எட்டுப் படி வெச்சிருந்தீங்கன்னா நான் ஏம்மா போறேன்?"

மாமியார் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். நான் டம்ளர் எடுப்பதுபோல் உள்ளே போய்விட்டேன். அவர் கிளம்பும்போதுதான் வெளியே வந்தேன்.

இன்று கடையும் இல்லை, கடை வைத்தவரும் இல்லை. அன்று அவர் ஏறிப் பார்த்த செங்கற்களில் இரண்டு என்னிடம் இருக்கின்றன. அவர் நினைவாக நான் வைத்திருப்பது அவ்வளவே.

மங்கலம்பேட்டையில் அவர் கடைசிவரை இருந்த வீட்டை நான் போய்ப் பார்த்ததில்லை. அந்த வீட்டை அறிந்தவர்கள் இதைப் படித்தால் ஓர் உதவி செய்யுங்கள். அதன் வாசற்படி என்ன உயரம்? அளந்து பார்த்து, பள்ளி முகவரிக்கு என் பெயரிட்டு எழுதுங்கள். தொலைபேசியில் சொல்ல வேண்டாம். எழுத்தில் பதில் வேண்டும்.