ஏழு கையெழுத்து குறைவு

2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து மோட்டார் போட்டேன். மேல்நிலைத் தொட்டி நிரம்ப நாற்பது நிமிடம் ஆனது, குறித்துக்கொண்டேன். பால் வாங்கி வைத்துவிட்டு, எங்கள் லேஅவுட்டின் காம்பவுண்டுச் சுவரோரமாக ஒரு சுற்று நடந்தேன். ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் கடைசி வீடுகள் எங்களுடையவை. பின்சுவருக்கு அப்பால் ராகிக் கொல்லைகள். அதற்கும் அப்பால் காடு.

குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். விதிகளை எழுதியதும் நான்தான். வேலைக்காரர்கள் உள்ளே தங்கக் கூடாது என்பது ஒன்பதாம் விதி. அதனால் வாட்ச்மேனும் அவர் மனைவியும் பின்சுவருக்கு வெளியே தகரக் கொட்டகையில் இருந்தார்கள். பொங்கல் முடிந்ததும் கரும்பையும் வாழைமரத்தையும் தெருவில் போடாதீர்கள், பின்சுவருக்கு வெளியே போடுங்கள் என்று எல்லா வீட்டுக்கும் சுற்றறிக்கை விட்டிருந்தேன். எல்லாரும் கீழ்ப்படிந்த ஒரே சுற்றறிக்கை அது. குவியல் கொட்டகையை ஒட்டிக் கிடந்தது.

தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து யானைகள் இறங்கியிருப்பதாக முந்தைய நாள் வனத்துறை ஜீப் மைக்கில் சொல்லிவிட்டுப் போயிருந்தது. வாட்ச்மேனுக்கு வலது முழங்கால் மடங்காது, ஓட முடியாது. ஞாயிறு காலை அவர் மனைவி என் கேட்டுக்கு வந்து நின்றார்.

"கொல்லை அறுத்து முடியற வரைக்கும் சங்க ரூம்ல படுத்துக்கறோம் சார். விடிஞ்சா பாயைச் சுருட்டிடுவேன்."

விதியைத் தளர்த்த எழுபத்திரண்டு வீடுகளில் இருபத்துநான்கு கையெழுத்து வேண்டும். நான்கு மணிக்குக் கூட்டம் போட்டேன். பதினேழு பேர் வந்தார்கள், பதினேழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"வாட்ஸ்அப் குரூப்ல முப்பத்தியொரு கட்டைவிரல் வந்திருக்குதே சார், பத்தாதா?" என்றார் ஓய்வுபெற்ற ஃபோர்மேன்.

"படம் கையெழுத்தாகாதுங்க."

"அப்ப மை தடவி உருட்டிட்டு வரச் சொல்லட்டுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஏழு கையெழுத்து குறைவு, கோரம் இல்லை, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது என்று நோட்டில் எழுதி மூடினேன்.

பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். "நைட் ஷிப்ட் சார், இப்பத்தான் கண்ணு மூடினாரு. எழுப்பினா என்னையக் கடிச்சிடுவாரு" என்றார் ஒரு பெண். அடுத்த வீட்டில், "நாங்க வாடகை சார். ஓனரு பெங்களூருல இருக்காரு" என்றார்கள். வாடகைக்காரர்களுக்கு ஓட்டு இல்லை. அதுவும் என் விதி. இன்னொருவர் கதவைப் பாதி திறந்தபடி, "யானை நம்ம சுவத்துக்குள்ள வராதுல்ல?" என்று மட்டும் கேட்டார். இரண்டரை மணி நேரம் அலைந்தேன். கெஞ்சவும் செய்தேன். ஏழு மணிக்கு மொத்தம் இருபத்திரண்டு.

கேட்டில் வாட்ச்மேன் நின்றிருந்தார். "ஆச்சா சார்?"

"இன்னும் ரெண்டுதான். காலையில வாங்கிடலாம்."

"சரி சார்" என்று காலை இழுத்தபடி பின்பக்கம் போனார். சங்க அறைச் சாவி அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.

எட்டு பத்துக்குத் தகரம் கிழியும் சத்தம் கேட்டது. மாடிக்கு ஓடினேன். எல்லா மாடியிலும் ஆட்கள். டார்ச் அடித்தார்கள், தட்டைத் தட்டினார்கள், தொண்டை கிழியக் கத்தினார்கள். அந்த நேரத்திலும் என் கண் மாடிகளை எண்ணியது. ஐம்பதுக்கு மேல். கரும்பைத் தின்ற யானை, உள்ளே இருந்த ராகி மூட்டையின் வாசனைக்குக் கொட்டகையைத் தள்ளியிருந்தது. மனைவி சுவரேறி உள்ளே குதித்துவிட்டார். வாட்ச்மேன் மேல் உத்திரம் விழுந்தது. யானை கொல்லைப் பக்கம் விலகியதும், இடுப்பெலும்பு நொறுங்கிய நிலையில் அவரை ஆம்புலன்சில் ஏற்றினோம்.

மறுநாள் காலை மோட்டார் போடவில்லை. முதல் வேலையாகச் சங்க அறையைத் திறந்து, கூட்டி, மின்விசிறியைப் போட்டுப் பார்த்தேன். பிறகு பின்சுவருக்குப் போனேன். மாற்றுத்துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த அவர் மனைவி, மண்ணில் சிந்திய ராகியை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார். அறை திறந்திருக்கிறது, உள்ளே வாங்க என்றேன்.

"அந்த ரெண்டு கையெழுத்தும் கிடைச்சிடுச்சா சார்?"

இல்லை என்றேன். அவர் முறத்தைப் புடைக்கத் தொடங்கினார்.