மகள் எடுத்த ஊர்வலப் படம்

என் மகள் ஆவணப்படம் எடுக்கிறாள். கல்யாண வீடியோ எடுத்தால் ஸ்காபரோவில் ஓடருக்குக் குறைவில்லை. இவளோ எல்லைக்கு அப்பால் ஓர் அமெரிக்க நகரத்துக்குக் கார் ஓடிப் போய், வாடகை வீட்டிலிருந்து துரத்தப்பட்ட சனம் ரோட்டில் இறங்கிப் போராடுவதை எடுக்கிறாள். எடுப்பதோடு நின்றாலும் பரவாயில்லை. ஒருநாள் அஜின்கோர்ட்டில் எங்கள் அப்பார்ட்மென்ட் சோபாவில் என்னை இருத்தி, அதுவரை வெட்டி ஒட்டியதைக் காட்டினாள். பொலிஸ் வரிசைக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறாள். முகம் பளிச்சென்று தெரிகிறது. பார்த்தால், கமெராவை யாரிடமோ கொடுத்துவிட்டு நிற்பது என் பிள்ளை!

படத்தில் மற்றவர்கள் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது. யார் யாருடைய முகம் தெரிகிறது என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் முகத்தை வெட்டி எடுத்துவிடு என்றேன். நான் அங்கே நின்றேன்தானே, ஏன் ஒளிக்க வேண்டும் என்று கேட்டாள். கனடாவில் பிறந்த பிள்ளை, நியாயம் கதைக்கத் தெரியும், பயப்படத் தெரியாது. நான் எழும்பிச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

அடுத்த கிழமை மிசிசாகாவில் வேலை முடிந்து வந்து தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். கதவுத் துவாரத்தால் பார்த்தால் இரண்டு பொலிஸ்காரர். யுத்த காலத்தில் மட்டக்களப்பில் ஆமி வருகிறது என்றால் எங்களுக்கு முதல் வேலை, வீட்டுப் பிள்ளைகளை அடையாளம் காட்டும் படங்களை எரிப்பது. இங்கே எதை எரிப்பது? கொஞ்சம் புகைந்தாலே கூரையிலிருக்கும் அலாரம் கட்டடத்தையே கூட்டிவிடும். மகளின் மேசையிலிருந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். குளியலறையில் உடுப்பு ஊறிக்கொண்டிருந்த சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் அதை அமுக்கினேன். பிறகுதான் கதவைத் திறந்தேன்.

கீழே பார்க்கிங்கில் யாரோ ஒரு காரை இடித்துவிட்டுப் போய்விட்டார்களாம். ஏதும் கண்டீர்களா என்று மரியாதையாகக் கேட்டார்கள். இல்லை என்றதும் நன்றி சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போனார்கள். நான் கதவோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டேன்.

மகள் வந்ததும் வாளியைக் காட்டினேன். கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள்.

"அம்மா, டோன்ட் வொரி. எல்லாம் கிளவுட்ல இருக்கு. அது அழியாது."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கோ அதுதான் பயம். நெருப்பும் தண்ணீரும் தொட முடியாத இடத்தில் என் பிள்ளையின் முகம் இருக்கிறது, அதை யார் யார் பார்ப்பார்களோ.

அன்றுதான் என் தம்பியைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். ஆமி ஊரைச் சுற்றிவளைத்த காலையில், பள்ளிக்கூடத்தில் எடுத்தது உட்பட அவனுடைய படம் ஒன்று விடாமல் நானும் அம்மாவும் அடுப்பில் போட்டோம். வந்தவர்களுக்குப் படமே தேவைப்படவில்லை. வயதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. பிறகு, காணாமல் போனவர்களின் தாய்மார் பிள்ளைகளின் படங்களை ஏந்திக்கொண்டு ரோட்டோரம் போராட்டத்தில் இருந்தபோது, அம்மா ஒரு மட்டையில் அவன் பெயரை மட்டும் எழுதிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் கேட்டும், சனிக்கிழமை போகத்தான் போகிறேன் என்றாள் மகள். அந்த அமெரிக்க நகரத்தில் இன்னொரு ஊர்வலமாம். நான் மறிக்கவில்லை.

சனி காலை கமெரா பையைத் தோளில் போட்டுக்கொண்டு சப்பாத்து மாட்டினாள். ஜன்னல் பக்கம் வந்து நிற்கச் சொன்னேன். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு என் போனைத் தூக்கிப் பிடித்தேன்.

"இப்ப எதுக்கம்மா போட்டோ?"

"சும்மா நில்லு புள்ள. முகம் வடிவாத் தெரியோணும்."