ஒரு காதில் வெற்றிலை, ஒரு காதில் மஸ்கட்

போன வாரம் ஃபைபர் இணைப்புக் கொடுக்க வந்தவர் வேலையை முடித்துவிட்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை வந்தார். வெளிச்சுவரில் ஆணியடித்து ஓடிக்கொண்டிருந்த பழைய டெலிபோன் வயரைக் காட்டி, "சேச்சி, இது இனி வேண்டாமில்லே? செம்புக் கம்பியாக்கும். நான் எடுத்துக்கிடட்டா?" என்று கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் இழுக்க இழுக்க அது வந்துகொண்டே இருந்தது. பின்பக்கம் வர்க் ஏரியா வரைக்கும் போய், அங்கே சுவரில் மொட்டையாக முடிந்தது. அதற்கு ஒரு சாண் மேலே மரப்பலகையில் இரண்டு இரும்புக் கிண்ணமும் நடுவில் ஒரு சின்னச் சுத்தியலும். அவர் சுத்தியலைச் சுண்டினார். டிங்!

"இது யாரு இப்படிக் கடிச்சு முறிச்சது, எலியா?" என்றார்.

எலி இல்லை ஐயா, பாக்குவெட்டி! உட்காருங்கள், கட்டன் சாயா போடுகிறேன், கதை கேளுங்கள் என்றேன். அவருக்கு இன்னும் இரண்டு வீடு பாக்கி. வயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் ஏறிவிட்டார். எனக்கோ நாக்கு நுனிவரை கதை வந்து நிற்கிறது. ஆகவே நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

வர்க் ஏரியா என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்து வீடுகளில் அடுக்களைக்குப் பின்னால் ஒரு சார்ப்பு இறக்கி அதற்கு அந்தப் பெயர் வைத்திருப்போம். அடுக்களை விருந்தாளிகள் பார்க்க. அரைப்பது, மீன் கழுவுவது, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் வர்க் ஏரியாவில். அம்மா பகல் முழுக்க அங்கேயும் துவைகல்லிலுமாக நிற்பாள். முன்னறையில் ஃபோன் அடிப்பது காதில் விழாது. சேலைத் தலைப்பில் கை துடைத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் நின்றுவிடும். அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடையில் வேலை. அங்கே பழைய சாமான் விற்கிறவரிடம் இந்த மணியைப் பிடித்துவந்து, வெளியே கம்பத்திலிருந்து வரும் வயரிலேயே கிளை எடுத்து அவரே பூட்டிவிட்டார். அனுமதியா? மூச்! டெலிபோன் ஆபீஸ் ஆள் யாராவது எங்கள் தெருப்பக்கம் ஏணியோடு வந்தால் அப்பாவுக்கு வியர்க்கும். மணி அடித்தால் மாமரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பும். எங்களுக்கு ஃபோன் வந்தது தெருவுக்கே தெரியும்.

இனி என் பெருமையைச் சொல்ல வேண்டும். படித்து முடித்து எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு இன்டர்நெட் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை. தலையில் ஹெட்ஃபோன், கழுத்தில் அடையாள அட்டை, தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பாட்டு. மோடத்தை அணையுங்கள், கொஞ்சம் பொறுங்கள், போடுங்கள். லிங்க் என்று ஒரு பச்சை விளக்கு இருக்கும், அது மின்னுகிறதா, நின்று எரிகிறதா? ஒரு பெரியவர், "மோளே, விளக்கெல்லாம் நல்லா கத்துது, ஆனா எனக்கு ஒண்ணும் கிட்டல" என்று அழாத குறையாகச் சொன்னார். மலையாளத்தில் கத்துவது என்றால் எரிவது. கடைசியில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது இன்வெர்ட்டர் விளக்கை. இப்படிப் பல குடும்பங்களில் விளக்கேற்றி வைத்தவள் நான். எங்கள் வீட்டில் மட்டும் விளக்கு நிற்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்!

அக்காவுக்குப் பிள்ளை பிறந்த சமயம் அது. அத்தான் மஸ்கட்டில் புது வேலையில் சேர்ந்திருந்தார், லீவு கிடைக்கவில்லை. அக்காவும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாளே, அத்தான் பிள்ளையைப் பார்ப்பதற்கென்றே பிராட்பேண்ட் எடுத்தோம். டெலிபோன் லைனிலேயே நெட்டும் வரும். ஃபோனையும் நெட்டையும் பிரித்துவிட ஒரு குட்டிப் பெட்டி, அதற்கு ஸ்ப்ளிட்டர் என்று பெயர். வீட்டில் எத்தனை ஃபோன் இருந்தாலும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். மாட்ட வந்தவர் கேட்டார்: "வீட்ல வேற ஃபோன் உண்டா?" அப்பா, "ஒரே ஒரு ஃபோன்தான்" என்றார், கொஞ்சம் அவசரமாகவே.

அன்று தொடங்கியது பாருங்கள் கூத்து. சாயங்காலம் அத்தான் வேலை முடிந்து வந்து கம்ப்யூட்டர் முன் உட்காருவார். பிள்ளையைத் தூக்கிக் காமிரா முன்னால் காட்டுவோம். படம் வரும், உறையும், போய்விடும். ஒரு நாள் நெற்றி மட்டும் பார்த்தார். இன்னொரு நாள் கால் பெருவிரல். தவணை முறையில் பிள்ளையைப் பார்த்த தகப்பன் உலகத்திலேயே எங்கள் அத்தான் ஒருவராகத்தான் இருக்கும்.

நெட் போனதும் ஃபோன் அடிக்கும். அத்தான்தான். அன்று மொபைல் இருந்தது, ஆனால் எங்கள் வீட்டில் டவர் வேண்டுமென்றால் மாமரத்தடிக்குப் போக வேண்டும். அதனால் லேண்ட்லைன். "மக்ளே, வந்துட்டா?" என்பார். பிள்ளை வந்ததா என்றல்ல, பச்சை விளக்கு வந்ததா என்று. "இப்பதான் அத்தான் வந்துச்சு, நீங்க கூப்பிட்டிய, போயிருச்சு" என்பேன். "சரி, வை" என்று வைப்பார். மோடம் மின்னி மின்னி, மெல்லத் தேறி, பச்சை நிற்கிற நேரம் பார்த்து மறுபடி ஃபோன். "வந்துட்டா?" போயிருக்கும்.

நான் சொன்னதைக் கவனித்தீர்களா? "நீங்க கூப்பிட்டிய, போயிருச்சு." எத்தனை தடவை இதே வாயால் சொல்லியிருப்பேன்! சொன்ன வாய்க்கே உறைக்கவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். நாங்களோ பனம்பழம் விழுந்த சத்தம் கேட்டுத்தான் காக்கை வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். நெட் போகிறது, அதனால் அத்தான் கூப்பிடுகிறார். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஆபீஸில் கேட்கிற கேள்விகளை எல்லாம் வரிசையாக வீட்டிலும் கேட்டுப் பார்த்தேன். வேறு ஃபோன் இருக்கிறதா என்ற இடம் வந்ததும் நானே எனக்கு, இல்லை என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். மோடத்தை மேசையிலும் அலமாரியிலும் மாற்றி மாற்றி வைத்தேன். மோடம் சூடேறினால் ஒரு வாசனை வருமே, வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வாளி வாசனை, அது இன்றைக்கும் எங்காவது அடித்தால் என் கண் தானாகப் பச்சை விளக்கைத் தேடும். அம்மா பழவங்காடிப் பிள்ளையாருக்கு மோடத்தின் பேரில் ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

வந்தது இருபத்தெட்டாம் நாள். இங்கே பிள்ளைக்கு அரையில் கறுப்புக் கயிறு கட்டிப் பெயர் வைக்கும் நாள் அது. தகப்பன் பிள்ளையின் இடது காதை வெற்றிலையால் மூடி, வலது காதில் பெயரை மூன்று தடவை சொல்ல வேண்டும். உமா என்று பெயர் முன்பே முடிவாகியிருந்தது. ராகுகாலத்துக்கு முன்னால் சொல்லியாக வேண்டும். நெட் வராவிட்டால் நான் சொல்லிவிடுகிறேன் என்று அப்பா தயாராக இருந்தார். அக்கா ஒரே பிடி.

"அவுங்க இன்னும் பிள்ள மொகத்தையே முழுசாப் பாக்கல. பேராவது அவுங்க வாயால வைக்கட்டும். இல்லன்னா பேரே வேண்டாம்."

சொல்லிவிட்டுப் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டாள். அவள் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கம்ப்யூட்டரை முக்காலியில் இறக்கி வைத்து, ஹெட்ஃபோன் வயர் எட்டுகிறதா என்று பார்த்து, நான் மோடத்தின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். பச்சை நின்றது. அத்தான் முகம் கட்டம் கட்டமாக வரத் தொடங்கியது. எல்லோரும் "வந்தாச்சு!" என்று கத்தினோம். அம்மா வெற்றிலையை எடுத்தாள். ட்ரிங்! விளக்கு அணைந்தது. கூப்பிட்டது நாகர்கோவிலில் இருந்து அத்தானின் சித்தி. "நெட்டு கிடைச்சுதா?" என்று விசாரிக்க! அதன் பிறகு அத்தான். "வந்துட்டா?" மறுபடி அத்தான். "வந்துட்டா?" அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் பின்பக்கம் ஒரு அலறல். பக்கத்து வீட்டுச் சரசம்மா சேச்சி. இலையில் பரிமாற அங்கே வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தவர்.

"அய்யோ, ஓடி வா மோளே! சுவர்ல கடந்நல் கூடு! முறத்துக்குப் பின்னால இரையுது!"

கடந்நல் என்றால் குளவி. பிள்ளை இருக்கிற வீட்டில் குளவிக் கூடா! அப்பா விளக்குமாற்றோடு ஓட, பின்னால் நான். சுவரில் அம்மாவின் முறம் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து ட்ர்ர்ர்... ட்ர்ர்ர்... முன்னறையில் அதே நேரம் ஃபோன் அடிக்கிறது. முறம் நடுங்குகிறது, ஃபோன் நின்றது, முறமும் நின்றது. அப்பா முறத்தை விளக்குமாற்றால் தட்டிவிட்டார். உள்ளே குளவியும் இல்லை, ஒன்றும் இல்லை. பழைய வேட்டித் துணி அடைத்த நம்முடைய மணி!

பிள்ளை வீட்டுக்கு வந்த அன்றே, தூக்கம் கலையக்கூடாதென்று அம்மா மணியில் துணியை அடைத்திருக்கிறாள். சும்மா கிடக்கும் பலகைதானே என்று முறத்தையும் மாட்டிவிட்டாள். சத்தம் போனதும் அப்படி ஒன்று இருப்பதையே வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டோம். ஆனால் அது மட்டும் கடமை தவறாமல் அடித்துக்கொண்டிருந்தது! ஸ்ப்ளிட்டர் முன்னறையில். மணிக்குப் போகிற கிளையோ அதற்கு முன்பே, வெளிச்சுவரில் பிரிகிறது. ஒவ்வொரு தடவை ஃபோன் வரும்போதும் இந்தக் கிழட்டு மணி லைனைப் பிடித்து உலுக்கியிருக்கிறது, மோடம் மயங்கி விழுந்திருக்கிறது. படம் சற்றுத் தயங்கினாலே அத்தான் பொறுக்காமல் ஃபோனை எடுத்துவிடுவார். நெட் போனதால் அத்தான் கூப்பிடவில்லை. அத்தான் கூப்பிட்டதால் நெட் போனது. பிள்ளையைப் பார்க்கத் துடித்த துடிப்பே அவரைப் பார்க்கவிடாமல் அடித்திருக்கிறது.

"அப்பா! வேற ஃபோன் இல்லன்னு சொன்னீங்களே!"

"இது ஃபோனா? பெல்லுல்லா!" என்றார் அப்பா. ஆனால் முகத்தில் ஈயாடவில்லை.

வாதாட நேரமில்லை. கத்தரி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சரசம்மா சேச்சி தாம்பூலத் தட்டிலிருந்து பாக்குவெட்டியைக் கொண்டுவந்து நீட்ட, அப்பா வாங்கி ஒரே வெட்டு. அந்த நொடி பார்த்து மறுபடி ஃபோன் வந்ததோ என்னவோ, "ஆ!" என்று கையை உதறினார். மஸ்கட்டிலிருந்து மருமகன் கொடுத்த ஷாக் என்று அதைப் பல வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

முன்னறைக்கு ஓடினேன். மோடம் மின்னுகிறது... மின்னுகிறது... நின்றது பச்சை! உடனே ஃபோன் அடித்தது. அம்மா எடுக்கப் போனாள்.

"எடுக்காதீங்க! அடிக்கட்டும்! நல்லா அடிக்கட்டும்!" என்று நான் கத்திய கத்தல் தெருவில் கேட்டிருக்கும்.

அடிக்கிறது. பச்சை அசையவில்லை. மறுபடி அடிக்கிறது. அசையவே இல்லை! வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஒற்றை விளக்கைப் பார்த்தது. "பிள்ளையாரே, இன்னொரு தேங்காயும் சேத்து அடிக்கேன்" என்றாள் அம்மா. நான் ரிசீவரை எடுத்தேன்.

"மக்ளே, வந்துட்..."

"வந்துட்டு அத்தான்! ஃபோனை வச்சுட்டு முன்னால பாருங்க!"

திரையில் அத்தான். தலையில் ஈரம், நெற்றியில் சந்தனம், பின்னால் அடுக்குக் கட்டில், அறையில் கூடத் தங்கியிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு. அக்கா பிள்ளையை நிமிர்த்திப் பிடித்தாள். அம்மா இடது காதை வெற்றிலையால் மூடினாள். நான் ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை வலது காதில் வைத்தேன். அந்தப் பிஞ்சுக் காதுக்கு அது ஒரு தோசைக்கல் அளவு இருந்தது. அத்தானின் உதடு அசைந்தது. ஒரு தடவை. இரண்டு. மூன்று. அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆனால் உதடு நிற்கவில்லை. மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டு அவர் பேசிக்கொண்டே போனார். திரை முழுக்க மீசைதான் தெரிந்தது. ஹெட்ஃபோனில் இருந்து வெளியே கசிந்த சத்தத்தில் ஒரு சொல்கூடப் புரியவில்லை. காலையிலிருந்து வீரிட்டுக்கொண்டிருந்த பிள்ளை கண்ணை அகலத் திறந்து, அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது. நெட் போகவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. ராகுகாலம் தொடங்கியிருக்கலாம், கடிகாரத்தை யார் பார்த்தார்கள்? முடித்ததும் அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "என்ன சொன்னிய, இவ்ளோ நேரம்?" என்று அக்கா கேட்டாள்.

"பேரைத்தான் சொன்னேன்" என்றார்.

இன்றைக்கு உமா பெங்களூரில் கல்லூரியில் படிக்கிறாள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டே வீடியோவில் வருகிறாள். படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. வளைகுடாவை விட்டு வந்து பல வருடமாகிவிட்ட அத்தான் திரையைப் பார்த்து, "சாப்ட்டியா? சரி, வை" என்கிறார். முடிந்தது பேச்சு. வந்துட்டா என்று கேட்க இப்போது யாரும் இல்லை, கேட்க வேண்டிய தேவையும் இல்லை. நல்லதுதான். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்கு வேண்டியிருக்கிறது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ஃபைபர் ஆள் வந்துபோன அன்று சாயங்காலம் மணியைக் கழற்றிக்கொண்டு போய் அத்தானிடம் கொடுத்தேன். உமா வீடியோவில் இருந்தாள். கதையை மறுபடியும் முழுக்கக் கேட்டுச் சிரித்து முடித்துவிட்டு, "அப்பா, பேருக்கு அப்புறம் என்கிட்ட என்னதான் பேசினீங்க?" என்று கேட்டாள். அத்தான் சுத்தியலை விரலால் சுண்டிக்கொண்டே, "அதெல்லாம் யாருக்கு ஓர்மை இருக்கு" என்றார். காது இரண்டும் சிவந்திருந்தன. கேட்டவளுக்கு நினைவில்லை, சொன்னவர் சொல்ல மாட்டார். அந்தப் பேச்சைக் கொண்டுவந்து சேர்த்த கம்பியையும் போன வாரம்தான் ஒருவர் சுருட்டிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.