அடுப்படிக்கு மேலே ஒரு பலகை

ஊர் வாய்க்கு ஓர் ஆள் சிக்கிவிட்டால் போதும், சக்கையாகத் துப்புகிற வரைக்கும் விடாது. திருச்சியில் அப்படிச் சிக்கியவர் மருதை. முசிறிப் பக்கத்துக்காரர், மாடிக்குப் பலகைத் தரை போடுகிற மேஸ்திரி. 'ஆளை முழுங்குற தரை போட்டவன்' என்று அவருக்குப் பட்டம் கட்டிவிட்டார்கள். கட்டினவர்களில் பாதிப் பேர் அந்தத் தரையைக் கண்ணால்கூடப் பார்த்தது கிடையாது. அந்த வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் இறக்கி வைக்கத்தான் இந்தக் கதை.

பலகைத் தரை என்றால் பலகையை வைத்து ஆணி அடிப்பது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். மருதையிடம் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும், கோபம் வந்துவிடும். "பலகையை எவன் வேணாலும் அடிப்பான்யா. அதுக்கு அடியில என்ன விரிக்கிறோம்கிறதுலதான் எல்லாம் இருக்கு" என்பார். ஒன்றும் விரிக்காவிட்டால் மேலே பூனை நடந்தாலும் கீழே கேட்கும். சாக்கை விரித்தால் எறும்பு வரும். மரத்தூளைக் கொட்டினால் ஐப்பசி மழையில் ஊறிப்போய்க் கரையானுக்கு விருந்தாகும். தார்க் காகிதம் ஈரத்தை நிறுத்துமே தவிர சத்தத்தை நிறுத்தாது. விரல் கனத்துக்கு அமுக்கிய கம்பளியை விரித்து, பாச்சை உருண்டையைப் பொடித்துத் தூவி, அதன்மேல் பலகையை அடித்தால்தான் தரை வாயை மூடும். பொன்மலை ரயில்வே பங்களாக்களில் வேலை செய்து கற்றுக்கொண்டது அது.

நயா பைசா வந்த வருஷம், பங்குனி மாதம், காஜா மைதீன் ராவுத்தர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். பள்ளிவாசல் தெருவில் கோரைப்பாய் வியாபாரம் அவருக்கு. முன்பக்கம் கடை, பின்பக்கம் அடுப்படி, மேலே முழுக்கப் பழைய பலகைத் தரை. அந்த மேல்மாடியில்தான் அவருடைய தாயார் சாரா பீவி படுத்த படுக்கையாக இருந்தார். கால் இரண்டும் விழுந்துவிட்டன, இழுப்பு வேறு. மூச்சு முட்டினால் யாராவது ஓடிவந்து தூக்கி உட்கார வைக்க வேண்டும். கட்டிலோடு ஒரு கைத்தடி. அதைக்கொண்டு தரையைத் தட்டினால் கீழேயிருந்து மருமகள் வஹீதா ஏறி வருவாள்.

அந்தக் கைத்தடிதான் ராவுத்தருக்குத் தலைவலி. அம்மாவுக்குக் காது பாம்புக் காது. கடையில் மகன் விலை பேசுவது பலகை இடுக்கு வழியாக அப்படியே மேலே கேட்கும். விலை குறைத்துவிட்டால் மேலேயிருந்து 'டொக்!' என்று ஓர் அடி. வாங்க வந்தவன் அண்ணாந்து பார்ப்பான். பலகை இடுக்கிலிருந்து தூசி அவன் தலையில் கொட்டும்.

"மானம் போகுது மருதை. கீழ பேசுறது மேல கேக்கக் கூடாது, மேல தட்டுறது கீழ கேக்கக் கூடாது. விக்காத பாய் ஒரு கட்டு கிடக்கு, அதையே அடியில விரிச்சு விட்டுடேன்" என்றார் ராவுத்தர்.

"பாயை விரிச்சா ஒரே வருஷத்துல நசுங்கித் தூளாயிடும் முதலாளி. உங்க பாயைப் பத்தி நானே ஊர்ல சொல்ற மாதிரி ஆயிடும்" என்று மருதை சிரித்தார். கம்பளிதான் என்று முடிவானது.

வேலை பாதி நடந்துகொண்டிருக்கும்போது, ராவுத்தர் அசர் தொழுகைக்குப் போன நேரமாகப் பார்த்து, சாரா பீவி கைத்தடியை ஆட்டிக் கூப்பிட்டார்.

"மேஸ்திரி, எம் மவன் என் காதையும் சேத்து அடைக்கிறான். போகட்டும், கடை அவன் பாடு. ஆனா மூச்சு முட்டினா நான் எதைத் தட்டுவேன், சொல்லுங்க? இந்தக் கட்டிலை ஒட்டி ஒரே ஒரு பலகை. அதுக்கு அடியில மட்டும் கம்பளி வேணாம். அதுக்கு நேர் கீழ அடுப்படி. வஹீதாவுக்குக் கேட்டாப் போதும்."

"முதலாளிக்குத் தெரிஞ்சா என்னை உரிச்சிடுவாரு பெரியம்மா."

"அவனைப் பெத்தவ நான் சொல்றேன். வாக்குக் கொடுங்க."

மருதை வாக்குக் கொடுத்தார். கம்பளிக்குப் பதிலாக அதே கனத்துக்குத் தேக்குப் பட்டைகளை இழைத்துத் தனியே எடுத்து வைத்தார். பழைய பலகைமேல் பட்டை, பட்டைமேல் புதுப் பலகை, மரத்தோடு மரம் சேர்ந்தால் தட்டின சத்தம் தங்குதடையில்லாமல் கீழே இறங்கும். ஆனால் கட்டில் பக்கத்து வேலை கடைசி நாளுக்கு வந்துவிட்டது. அன்றைக்கென்று பார்த்து, சாயங்காலம் தலைப்பிறை தெரிந்தால் மறுநாள் நோன்பு என்று வீடே பரபரத்தது. ராவுத்தர் தலைமேல் நின்றுகொண்டு, "முடி, முடி" என்று விரட்டினார். மருதை கிடைத்ததை எடுத்து வைத்து, அடி அடியென்று அடித்து முடித்துவிட்டு முசிறி பஸ்ஸைப் பிடித்தார். ராவுத்தர் மேலே ஆளை நடக்கவிட்டுக் கீழே கடையில் காது கொடுத்துப் பார்த்தாராம். ஒரு சத்தமில்லை. சந்தோஷத்தில் மேஸ்திரி ஊருக்குப் பாயே ஒன்று கொடுத்தனுப்பினார்.

நோன்பு பாதிகூடப் போகவில்லை. ஒரு நாள் நோன்பு திறந்த கையோடு வஹீதா கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். சாரா பீவி கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடந்தார். கைத்தடி கையிலேயே இருந்தது. உயிர் இல்லை.

"தட்டலையா? அம்மா தட்டலையா?" என்று ராவுத்தர் அலறினார்.

"சத்தமே கேக்கலைங்க" என்றாள் வஹீதா.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடித்ததும் மருதைக்கு ஆள் வந்தது. அவர் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார். மாடியில் வெறுங்கட்டிலின் பக்கத்தில் நின்ற ராவுத்தர், கண்ணெல்லாம் சிவந்து, "உன் தரை எங்கம்மாவை முழுங்கிடுச்சே, மருதை! தட்டித் தட்டிச் செத்திருக்காங்க, ஒருத்தருக்கும் கேக்கலை. பெத்தவளோட வாயை அடைக்க நானே ஆள் வச்சேனே!" என்று மார்பில் அடித்துக்கொண்டார்.

மருதைக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. 'இல்லை முதலாளி, இந்தப் பலகைக்கு அடியில கம்பளி இல்லை. தட்டியிருந்தா அடுப்படிக்குக் கேட்டிருக்கும்.' சொல்லிவிட்டு, பலகையைப் பெயர்த்துக் காட்டினால் தீர்ந்தது. உளியை எடுக்கக் கையைப் பைக்குள் விட்டார். அப்போதுதான் படிக்கட்டு வாசலில் வஹீதா நிற்பதைப் பார்த்தார். முக்காட்டுக்குள் அந்த முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. வேண்டாம் என்று அந்தக் கண்கள் கும்பிட்டன. கும்பிட்ட மாதிரித்தான் மருதைக்குத் தோன்றியது.

கையை வெளியே எடுத்துவிட்டார். "ஆமாங்க முதலாளி. நான் போட்ட கம்பளி முழுங்கிடுச்சு" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு அவர் கொடுத்தது கொஞ்சநஞ்சம் இல்லை. கடைத்தெரு பூராவும் கதை பரவியது. பிறகு காவிரியைத் தாண்டியது. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ரங்கநாயகி என்ற அம்மாள், தான் வீணை வாசிக்கிற மாடிக்குப் பலகைத் தரை போட அளவெல்லாம் எடுக்கச் சொல்லியிருந்தார். மருதை போய் நின்றபோது வாசலிலேயே வந்து, "க்ஷமிக்கணும். ஆத்துல எல்லாரும் சஞ்சலப்படறா. பெருமாள் சித்தம் வேற மாதிரி இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு மருதையைக் கூப்பிட்டுத் தரை போடச் சொன்னவர் யாரும் இல்லை. குடும்பத்தோடு அரியமங்கலத்துக்கு வந்து, ஒரு பட்டறையில் மரப்பெட்டிக்கு ஆணி அடிக்கிற வேலைக்குச் சேர்ந்தார்.

வேலை போனதுகூட அவருக்குப் பெரிதில்லை. உள்ளே ஒன்று அரிக்க ஆரம்பித்தது. அன்றைக்கு அந்த அவசரத்தில் நான் பட்டையைத்தான் வைத்தேனா? கை பழக்கத்தில் கம்பளியை வைத்துவிட்டேனோ? அந்தப் பெண் உண்மையிலேயே கேட்காததைத்தான் சொன்னாளோ? பெரியம்மா என்னை நம்பி, கடைசி மூச்சு வரைக்கும் அந்தப் பலகையைத் தட்டி, நான் அடைத்துவைத்த கம்பளிக்குள்ளேயே அத்தனை தட்டலும் செத்துப்போயிருந்தால்?

 பட்டறையில் ஆணி அடித்துக்கொண்டே இருப்பார். சட்டென்று சுத்தியலை நிறுத்திவிட்டுக் காதைச் சாய்ப்பார். பெட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பதிலுக்குத் தட்டினது மாதிரி இருக்கும். எட்டிப் பார்த்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

"எதைய்யா கேக்குற நீ? எனக்குப் பயமா இருக்கு" என்று அவர் சம்சாரம் பொன்னுத்தாய் சமயபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விபூதி போட்டுப் பார்த்தாள். கோயில் வாசலில் சிதறுகாய் உடைக்கிற சத்தத்துக்கு மனுஷன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என்ன செய்வாள் அவள்? அவளிடமும் அவர் விஷயத்தைச் சொல்லவில்லை.

ஆறு வருஷம் இப்படிப் போனது. ஒரு தை மாதம், மறுபடி நோன்புக் காலம், பாய்க்கடை வண்டிக்காரர் பட்டறைக்கு வந்து, வஹீதா அம்மா கூப்பிடுவதாகச் சொன்னார். கம்பளித் துண்டு ஒன்றும் கொண்டுவரச் சொன்னாளாம். மருதை அந்த நிமிஷமே கிளம்பிவிட்டார். அவருக்கு வேறொன்றும் வேண்டாம். அந்தப் பலகையைப் பெயர்த்து அடியில் இருப்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ராவுத்தர் பாய் எடுக்க முசிறிக்குப் போயிருந்தார், சாயங்கால பஸ்ஸில் வருவாராம். கொல்லையில் வேலைக்கார வியாகுலம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் நோன்புக் கஞ்சி கொதித்தது. வஹீதாவைப் பார்த்ததும் மருதைக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதி உடம்பாகியிருந்தாள்.

"அண்ணே, மாமி கட்டில் பக்கத்துப் பலகை தட்டுது" என்றாள். "நோன்பு வந்தா தட்டுது, நோன்பு திறக்கிற பாங்குக்குக் கொஞ்சம் முன்னாடி. எங்க வீட்டுக்காரங்களுக்குக் கேக்கலை, வேலைக்காரிக்கும் கேக்கலை. எனக்குத்தான் கேக்குது. அந்தப் பலகைக்கும் கம்பளி வச்சு அடைச்சிடுங்க."

"அதுக்குக் கம்பளி இல்லைன்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

"யாருண்ணே சொல்லணும்? அன்னைக்குக் கேட்டுச்சே!"

மருதை படியைப் பிடித்துக்கொண்டார். பிறகு மேலே போனார். கட்டில் இல்லை, அந்த இடம் வெறிச்சென்று கிடந்தது. பலகையில் ஓரிடத்தில் மட்டும் கைத்தடிப் பூண் பட்டுப் பட்டுக் குழியாக இருந்தது. ஆணிகளைப் பிடுங்கிப் பலகையைத் தூக்கினார்.  அடியில் அவர் கையால் இழைத்த தேக்குப் பட்டைகள், வைத்தது வைத்தபடி இருந்தன.

"அடிப் பாவி!" வாய் விட்டே கத்திவிட்டார். "ஆறு வருஷம்! நான்தான் அந்தப் பெரிய மனுஷியைக் கொன்னேன்னு ஆறு வருஷமா செத்துப் பொழைக்கிறேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

வஹீதா பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். அழவில்லை. அழுது தீர்ந்தவள் மாதிரிப் பேசினாள். "அன்னைக்குப் பகல் பூரா ஏறி இறங்கினேண்ணே. தலையணை சரியில்லைம்பாங்க, ஜன்னலைச் சாத்தும்பாங்க, திறம்பாங்க. நோன்பு வச்ச உடம்பு, சித்திரை வெயில், நாக்கு ஒட்டிக்கிச்சு. கஞ்சியை ஊத்திக்கிட்டிருக்கேன், தட்டுனாங்க. பாங்கு சொல்லட்டும், ஒரு மடக்குத் தண்ணி குடிச்சிட்டுப் போறேன்னு நின்னேன். மறுபடி தட்டுனாங்க. நின்னேண்ணே. அப்புறம் தட்டலை. தட்டலைன்னதும்... அப்பாடான்னு இருந்துச்சு."

மருதையின் கையில் தேக்குப் பட்டை. இன்னும் கொஞ்ச நேரத்தில் ராவுத்தர் வந்துவிடுவார். அதை அவர் கையில் கொடுத்தால் போன பெயர் திரும்பி வந்துவிடும். ஸ்ரீரங்கத்து அம்மாள்கூடக் கூப்பிட்டு அனுப்புவார். இந்தப் பெண்ணோ இந்த வீட்டில் அதற்கப்புறம் ஒரு நாள் இருக்க முடியாது. அவள் எதையும் கேட்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

ஆத்திரம் இருந்தது. ஆனாலும் பட்டைகளைப் பைக்குள் போட்டார். கம்பளியை அளவாக வெட்டி, பாச்சை உருண்டைப் பொடி தூவி, மடிப்பில்லாமல் விரித்தார். பலகையை உட்கார வைத்து ஆணி இறக்கினார். இத்தனை நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு பலகையை அவர் அடித்ததில்லை.

"கீழ அடுப்படியில போய் நில்லு தங்கச்சி. நான் தட்டிப் பாக்குறேன். கேக்குதான்னு சொல்லு" என்றார்.

அவள் இறங்கிப் போனாள். மருதை சுத்தியலைப் பைக்குள் வைத்தார், கையாலேயே தட்டிப் பார்க்கலாம் என்று. முழங்கால் வலித்தது. சற்று நேரம் அப்படியே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். வெளியே வெயில் இறங்கிவிட்டது. பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்.

கீழேயிருந்து வஹீதாவின் குரல் வந்தது. "போதும்ணே. தட்டாதீங்க. கேக்குது."

மருதை தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் மடியில் இருந்தன. அவர் இன்னும் தட்டவே இல்லை.